செய்யாத குற்றம், இல்லாத வில்லன்

செய்யாத குற்றத்துக்கு ஜெயிலுக்குப் போனவன் திரும்பி வந்து பழிவாங்கும் சினிமாவுக்கு நம் சனங்கள் விசிலடித்திருக்கிறார்கள். 1981இல் வந்த ‘சட்டம் ஒரு இருட்டறை’, 1983இல் ‘அந்தா கானூன்’ என்று இந்திக்குப் போனது. அதில் அமிதாப் பச்சன் செய்யாத கொலைக்குத் தண்டனை அனுபவித்தவர். செத்ததாகச் சொல்லப்பட்டவன் உயிரோடிருப்பதைக் கண்டு அவனைக் கொல்கிறார். தண்டனை முந்தி, குற்றம் பிந்தி.

ராசிபுரம் பக்கம் டூரிங் கொட்டாயில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த என் பெரியப்பா ஒருமுறை சொன்னார்: “அவனுக்காச்சும் வில்லன் வூடு தெரியுது. எங்கப்பன் யாரு வூட்டு வாசல்ல போயி நிப்பாரு?”

நாங்கள் குறவர்கள். பெரியப்பாவின் கேள்வி சினிமாவைப் பற்றியதல்ல, சட்டத்தைப் பற்றியது.

1871இல் வெள்ளை அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு கூட்டத்தையே குற்றவாளிகள் என அறிவிக்கலாம். அந்த அறிவிப்பை எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கக்கூடாது. கைரேகை எடுத்தார்கள், ஸ்டேஷனில் ஆஜராகச் சொன்னார்கள். பொதிமாட்டிலும் கழுதையிலும் உப்பும் தானியமும் ஏற்றி ஊர் ஊராய் விற்ற சனம் அது. அரசின் உப்புக் கொள்கையும் ரயிலும் பிழைப்பைப் பறித்தன. பிழைப்பைப் பறித்த அரசே அலைகிறவனைத் திருடன் என்றது. இன்றும் சீர்மரபினர் பட்டியலில் ‘சேலம் உப்புக் கொறவர்’, ‘சேலம் மேல்நாட்டுக் கொறவர்’ என்ற பெயர்கள் நிற்கின்றன.

சேலத்தில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கியது 1935இல். பின்னாளில் ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ என்று துப்பறியும் படங்கள் அங்கிருந்து வந்தன. ஸ்டுடியோ தொடங்கியபோது அதே மண்ணில் அந்தச் சட்டமும் உயிரோடிருந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும்தான் அது ஒழிந்தது. அதற்குள் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளுக்கென்று இங்கே இன்னொரு சட்டம் வந்துவிட்டது.

பழிவாங்கும் சினிமாவுக்கு இரண்டு தேவை. நாயகன் முதலில் நிரபராதியாக இருக்க வேண்டும். அவனை மாட்டிவிட்ட ஒருத்தன் இருக்க வேண்டும். எங்களுக்கு இரண்டுமே கிடையாது. பிறப்பிலேயே குற்றவாளி என்று எழுதிவிட்டால் “நான் ஒண்ணும் பண்ணலைங்க” என்ற வசனத்துக்கு மதிப்பேது? ஊரில் எங்கே நகை காணாமல் போனாலும் எங்கள் தெருவுக்கு ஜீப் வருவதை நானே பார்த்து வளர்ந்தவன்.

1993இல் விருத்தாசலம் பக்கம் முதனை ராஜாக்கண்ணு நகைத் திருட்டுப் பழியில் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டார். அவரும் குறவர். அவர் மனைவி பார்வதி கத்தி எடுக்கவில்லை, கோர்ட்டுக்குப் போனார். வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு வாதாடினார். 2006இல் உயர்நீதிமன்றம் போலீஸ்காரர்களைத் தண்டித்தது. 2021இல் அது ‘ஜெய் பீம்’ படமானது. படத்தில் அவர்கள் இருளர்கள். எங்கள் கதை திரைக்கு வந்தபோதும் எங்கள் பெயர் வரவில்லை.

பழிவாங்கல் என்று ஒன்று நமக்கு இருக்குமானால், பார்வதி செய்ததுதான் அது. செத்தவனின் பெயரைக் கடைசிவரை விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பது. அதோடு அவன் சாதிப் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.