புகுமுகம்: மலேசியத் தமிழ் மாணவர்க்கு வழிகாட்டல் தொடங்கிய வாசல்

மலேசியத் தமிழர் கல்வியைப் பற்றி எழுதப் புகும் எவரும் பேராசிரியர் டி. மாரிமுத்துவைத் தாண்டிப் போக முடியாது. தென்கிழக்காசிய இந்தியச் சமூகங்களைப் பற்றிக் கே. எஸ். சந்துவும் அ. மணியும் தொகுத்து 1993இல் வெளிவந்த பெருநூலில், தோட்டப் பள்ளியைச் சமூக மறுஉற்பத்தியின் கருவி என்றே அவர் தலைப்பிட்டார். பால்மரம் வெட்டியவரின் பிள்ளை மறுபடியும் மரத்தடிக்கே வந்து சேரும் ஏற்பாடு அந்தப் பள்ளிக்குள்ளேயே இருந்தது என்பது அவர் வாதத்தின் சாரம். லயன் வீட்டை அறிந்தவர் யாரும் இதை எளிதில் மறுக்கத் துணியமாட்டார்.

நானும் அவர் தீட்டிய படம் பொய் என்று சொல்லவில்லை. பூட்டு தொங்கிய கதவு வேறு என்கிறேன். மறுஉற்பத்தி என்ற விளக்கம் விழுந்தவர்களைப் பற்றிப் பேசுகிறது. தேறிப் போய்த் திரும்பி வந்து கை கொடுத்தவர்களுக்கு அதில் இடமில்லை. 1979இல் இ.டபிள்யூ.ஆர்.எஃப். என்ற கல்வி, நலன், ஆய்வு அறவாரியம் தோன்றியது. 1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் எம். தம்பிராஜா ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தைத் தொடங்கினார். பட்டதாரிகளும் பல்கலைக்கழக மாணவர்களுமே அங்கே பாடம் நடத்தினார்கள். தோட்டப் பள்ளி தொழிலாளியை மட்டுமே வார்த்தது என்றால், இந்தக் கைகள் எங்கிருந்து வந்தன?

இங்கே ஒரு சொல்லில் சற்று நிற்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்கு முன் மலாய்மொழிக்காக ஓராண்டு உட்காரும் வகுப்பு ஆங்கிலத்தில் 'ரிமூவ்' எனப்பட்டது. மலாயில் அது 'பெரலிஹான்', அதாவது மாறுதல். நம் நாளேடுகள் 'புகுமுக வகுப்பு' என்றன. தமிழ்நாட்டிலோ 1978இல் மேனிலைப் படிப்பு வரும்வரை புகுமுக வகுப்பு என்பது பள்ளி இறுதியை முடித்தவன் கல்லூரியில் படித்த முதலாண்டு. ஒரே சொல் அங்கே கல்லூரி வாசலில் நிற்கிறது. இங்கே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாசலில் நிற்கிறது. இச்சொல் எந்த ஆண்டில் இங்கே இப்பொருளைப் பெற்றது என்று வரையறுக்க நான் முன்வரமாட்டேன். ஆனால் இந்த இடமாற்றத்தை மொழிபெயர்ப்பு விபத்தாகத் தள்ளவும் மனம் ஒப்பவில்லை. தமிழ்ப்பிள்ளையின் உண்மையான நுழைவுச் சோதனை அந்த வகுப்பில்தான் நடந்தது. தேசியப் பள்ளியில் படித்த அண்டை வீட்டுப் பையன் ஒரு படிவம் முன்னே போய்விடுவான். பின்தங்கிய அந்த ஓராண்டில் பிள்ளைக்கு ஆறுதல் சொல்லவோ வழி சொல்லவோ யாருமில்லை. மாரிமுத்துவின் பார்வை தொடக்கப்பள்ளிக் கட்டடத்திலேயே நிலைத்ததால் இந்த நடைவழி இருளிலேயே நின்றுவிட்டது.

தேறியவர்கள் ஏன் வளாகத்துக்கு வெளியே வந்து கை கொடுத்தார்கள் என்பதற்கு ஓர் ஒப்பீடு உதவும். அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் வேலைநிறுத்தம் தொடங்கி, 1969 மார்ச்சில் முடித்தார்கள். கறுப்பின ஆய்வுத் துறையும் கூடுதல் சேர்க்கையும் வளாகத்துக்குள்ளேயே அவர்கள் போராடிப் பெற்றவை. நம் நாட்டில் 1971இன் பல்கலைக்கழகச் சட்டமும், மாணவர்கள் இறங்கிய பாலிங் போராட்டத்தை அடுத்து 1975இல் வந்த அதன் திருத்தமும் மாணவர் சங்கங்களைக் கட்டிப் போட்டன. வளாகத்துக்குள் கேட்க வழியில்லாத அக்கறைதான் வெளியே வார இறுதி வகுப்பாக உருவெடுத்தது என்று கருதுகிறேன். 1975க்கும் 1979க்கும் இடையே காரணத் தொடர்பைக் காட்டும் ஆவணம் எதையும் நான் முன்வைக்கவில்லை. இருந்தும், அந்த நான்காண்டு நெருக்கம் தற்செயல் என்பவரே அதற்குக் காரணம் காட்டட்டும்.

தேர்வுக்கு முன் ஸ்ரீ முருகன் நிலைய மாணவர்கள் பத்துமலையில் நடத்தும் கல்வி யாத்திரையைச் சிலர் வெறும் பக்தி என்கிறார்கள். புத்தகக் கவலையோடு 272 படி ஏறும் பிள்ளைக்குப் பக்கத்தில் பெற்றோரும், பாடம் சொன்ன அண்ணன் அக்காமாரும் ஏறுகிறார்கள். நீ தனியாள் இல்லை என்பதைப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக உணர்த்தும் ஆலோசனை அறை எதையும் நான் அறியேன்.

மலாக்கா மாநிலத்து மஸ்ஜித் தானாவிலிருந்து பார்த்தால் இந்த வரலாறு கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. பக்கத்து லொண்டாங்கில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பைத் தரும் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி. அதே அலோர் காஜா மாவட்டத்தின் லெண்டுவில் யு.ஐ.டி.எம். பல்கலைக்கழக வளாகம், பூமிபுத்ரா அல்லாத மலேசியர்க்கு அதன் இளங்கலை வகுப்புகளில் இடமில்லை. மெட்ரிகுலேஷன் கல்லூரிகளின் வாசல் 2000களின் தொடக்கத்தில்தான் பூமிபுத்ரா அல்லாதார்க்கு 10 விழுக்காடு அளவில் திறந்தது. 2012இல் இந்திய மாணவர்க்கு 1,500 மெட்ரிகுலேஷன் இடங்கள் அறிவிக்கப்பட்டன. 2018இல் அது 2,200 ஆனது. 2012க்குப் பின் அந்த இடங்கள் உண்மையில் நிரம்பினவா என்று பெரும் சர்ச்சை எழுந்தது. இடத்தை எண்ணுவோர் அந்தச் சர்ச்சையை அரசியல் கணக்காகப் படித்தார்கள். நான் அதில் விண்ணப்பப் பாரத்தைப் பார்க்கிறேன். முன்பு தோட்டத்தில் பாரம் நிரப்பக் கிராணியார் வீட்டுத் திண்ணைக்கோ வாத்தியாரிடமோ போக வேண்டும். இன்று பாரம் கணினித் திரைக்குப் போய்விட்டது. எஸ்.பி.எம். தேர்வு முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தத் துறையை முதலில் போடுவது, எதை இரண்டாவதாகப் போடுவது என்று தெரியாமல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அம்மா சம்பளச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் அதே பாரத்தை நிரப்பிய யாராவது அந்த நேரம் வந்து அவளருகே உட்கார வேண்டும்.