தாராபுரம் பள்ளிகளும் கடல்கடந்த காணிக்கையும்

அமராவதிக் கரையிலுள்ள தாராபுரம் வட்டாரத்தில் வெஸ்லியன் மெதடிஸ்து சங்கத்தார் ஊழியஞ் செய்தனர். கோயம்புத்தூரில் லண்டன் மிஷனெரி சங்கத்தார் 1830இல் பணி தொடங்கினர். இவ்விரு பணித்தளங்களும் 1950இல் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தில் ஒன்றாயின. இரண்டிலும் பள்ளிகளைத் தாங்குவதில் கடல்கடந்து வந்த காணிக்கைக்குப் பெரும்பங்குண்டு.

அதனைத் தந்தோர் அனைவரும் செல்வர் அல்லர். லண்டன் சங்கத்தைச் சார்ந்த ஞாயிறு பள்ளிச் சிறுவர் காசு காசாகச் சேர்த்து, 1844இல் 'ஜான் வில்லியம்ஸ்' என்னும் மிஷனெரிக் கப்பலுக்கென 6,000 பவுனுக்கு மேல் கொடுத்தனர். 1959இல் ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரக் கிறிஸ்தவர்கள் சிலர் இந்தியப் பிள்ளைகள் ஐவரைத் தாங்கத் தொடங்கியதே 'கிண்டர்நோட்ஹில்ஃபெ' என்னும் நிறுவனமாக வளர்ந்தது.

ஆயினும் இவ்வீகைக்கு மறுபக்கமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தென்தமிழகத்து விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் பலருக்குக் கொடையாளரின் பெயரே சூட்டப்பட்டது. கொடுத்தவர் பெயர் நிலைத்தது. பெற்றோர் இட்ட பெயர் மறைந்தது. பிள்ளையைக் காட்டு வேலைக்கு விடாமல் பள்ளிக்கு அனுப்பிய ஏழை இழந்த கூலியோ நன்கொடைப் பட்டியலில் ஏறுவதில்லை.

எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் பணம் சேர்த்தபோது நாடியது சமநிலையை (2 கொரி. 8:14). மக்கெதோனியாவில் கொடுத்தவர்களும் ஏழைகளே. ஆதலால் தாராபுரம் பள்ளிகளின் வரலாற்றை எழுத முற்படுவோர், சங்கங்களின் கணக்கேடுகளோடு அவ்வூர்க் குடும்பங்களின் நினைவுகளையும் திரட்டுதல் வேண்டும். இருசாராரும் கொடுத்தவர்களே என்பதை அப்போதுதான் நாம் உணர்வோம்.