எம்மி நோதர்: மாறாமையின் இலக்கணம்

வழங்கும் சொற்கள் எண்ணிலவாயினும் அவற்றை ஆளும் இலக்கண விதிகள் சிலவே. இயற்கையும் அத்தகையதே. ஓயாது மாறும் உலகில் ஆற்றல் போன்ற சில அளவுகள் மட்டும் மாறாது நிற்கின்றன. அவை ஏன் மாறுவதில்லை என்னும் வினாவிற்குக் கணித வழியில் விடை கண்டவர் எம்மி நோதர் அம்மையார்.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1882 மார்ச் 23ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை மாக்ஸ் நோதரும் கணிதப் பேராசிரியரே. 1900இல் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் முறையான மாணவராக இயலாது. ஆசிரியரின் இசைவு பெற்று வகுப்பிலிருந்து கேட்கலாம், அவ்வளவே. அவ்வாறு கற்கத் தொடங்கியவர் 1907இல் முனைவர் பட்டம் பெற்றார். 1908 முதல் 1915 வரை அங்கு ஊதியமின்றியே பணியாற்றினார்.

ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியல் கொள்கையில் ஆற்றல் அழியாமை விதி எவ்வாறு பொருந்தும் என்னும் சிக்கல் அக்காலத்தில் எழுந்தது. அதனை ஆராய்ந்துவந்த டேவிட் ஹில்பர்ட்டும் பெலிக்ஸ் கிளைனும் 1915இல் நோதரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தனர். பெண்ணொருவர் விரிவுரையாளராவதை அங்கிருந்த புலத்தார் சிலர் எதிர்த்தனர். ஆகவே, ஹில்பர்ட்டின் பெயரில் அறிவிக்கப்பெற்ற வகுப்புகளை அவர் நடத்தினார். 1918 ஜூலையில் அவருடைய தேற்றம் கோட்டிங்கன் அறிவியல் கழகத்தில் அளிக்கப்பெற்றபோது, அதனை முன்வைத்தவர் கிளைன். நோதர் அக்கழகத்தின் உறுப்பினர் அல்லர்.

இயற்கை விதியில் தொடர்ச்சியான சமச்சீர்மை ஒன்று இருப்பின், அதற்கிணையாக மாறாத அளவு ஒன்றும் உண்டு என்பதே அத்தேற்றத்தின் சாரம். விதி நேற்றும் இன்றும் ஒன்றே. ஆதலால் ஆற்றல் மாறுவதில்லை. இங்கும் அங்கும் ஒன்றே. ஆதலால் உந்தம் மாறுவதில்லை. எத்திசை நோக்கினும் ஒன்றே. ஆதலால் கோண உந்தம் மாறுவதில்லை. சார்பியலில் எழுந்த சிக்கலுக்கும் அவ்வாய்வே தெளிவு தந்தது. பின்னர் வளர்ந்த துகள் இயற்பியலுக்கும் இச்சிந்தனையே அடிப்படையாயிற்று.

1919இல் விரிவுரையாற்றும் உரிமையும், 1922இல் பேராசிரியர் என்னும் பட்டமும் கிடைத்தன, ஊதியம் கிடைக்கவில்லை. 1923இல்தான் சிறு தொகை வழங்கப்பட்டது. இதற்கிடையே, 1921இல் வெளியிட்ட கட்டுரையால் இயற்கணிதத்திற்கே புதுப்போக்கு அளித்தார்.

யூதர் என்பதால் 1933இல் நாஜி அரசு அவரைப் பணிநீக்கியது. அதன்பின்னும் தம் இல்லத்திலேயே மாணவர்க்குப் பாடம் நடத்தினார். பின்னர் அமெரிக்காவின் பிரின் மார் மகளிர் கல்லூரி அவரை ஏற்றது. அறுவை மருத்துவத்திற்குப்பின் 1935 ஏப்ரல் 14ஆம் நாள் காலமானார். நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு எழுதிய மடலில் ஐன்ஸ்டீன் அவரது மேதைமையைப் போற்றினார்.

தம் பெயரில் வகுப்பு அறிவிக்கும் உரிமையும் மறுக்கப்பெற்றவர் அவர். இன்று உலகெங்கும் இயற்பியல் வகுப்புகளில் அத்தேற்றம் நோதர் தேற்றம் என்றே கற்பிக்கப்படுகிறது.