நாயனத்தின் உறையும் தீவுப்பகுதிக் கடலும்

யாழ்ப்பாணத்து மேளம் பற்றி எழுதுகிறவர்கள் வித்துவான்களைப் பற்றி எழுதுகிறார்கள், விடிய விடிய நடந்த சமாக்களைப் பற்றி எழுதுகிறார்கள். அந்த நாயனமும் தவிலும் எந்த உறைக்குள் இருந்தபடி கோயில் கோயிலாகப் போயின என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பேசினாலும், பெட்டி வாங்க வசதியில்லாத காலத்தில் துணியில் சுற்றிக்கொண்டு போனார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியான விளக்கமல்ல. நயினாதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கோயில்களுக்கு வாத்தியங்கள் போய்வந்த வழியைக் கவனித்தால், துணி உறை நன்றாக யோசித்துச் செய்த தெரிவு என்பது புரியும். அந்தத் தெரிவுக்குப் பின்னால் இருந்தவை கடலும், பருவக்காற்றும், வாசித்து முடித்த பின் குழலுக்குள் தங்கும் ஈரமும்தான்.

முதலில் வழியைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தின் பேர்பெற்ற மேள மரபு குடாநாட்டுக்குள், இணுவில், அளவெட்டி போன்ற ஊர்களில் வேர்விட்டது. தவிலில் தட்சிணாமூர்த்தியும் (1933–1975) நாதஸ்வரத்தில் என்.கே. பத்மநாதனும் அந்த மண்ணின் பெயர்கள். ஆனால் மேளம் கேட்ட கோயில்கள் தண்ணீருக்கு அப்பாலும் இருந்தன. இன்று பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணை, அங்கிருந்து இன்னொரு தாம்போதி வழியாகப் புங்குடுதீவு, அதன் மேற்குக் கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை என்று வாகனத்திலேயே போய்விடலாம். அதற்குமேல் நயினாதீவுக்குக் குறுகிய படகோட்டம், நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். தாம்போதிகள் இல்லாத நாட்களில் பண்ணையிலேயே தண்ணீர் தொடங்கிவிட்டது; ஒவ்வொரு துறையிலும் இறங்கி ஏற வேண்டியிருந்தது. காலத்தையும் சேர்த்து எண்ண வேண்டும். நயினை நாகபூசணி அம்மன் மகோற்சவம் ஆனி மாதத்தில் வருகிறது. யாழ்ப்பாணத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனியில் வானம் காய்ந்திருக்கும், கடல் காய்ந்திருக்காது. சோளகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்த மாதங்களில் படகின் முகப்பு அலையில் மோதும்போதெல்லாம் உப்புத்தண்ணீர் சிதறி உள்ளே விழும். ஆக, திருவிழாவுக்குப் போகும் நாயனத்தின் எதிரி மழையல்ல, தெறிக்கும் உப்புநீர்.

இனி வாத்தியத்துக்கு வருவோம். நாயனத்தின் உலவு, அதாவது அதன் நீண்ட குழற்பகுதி, ஆச்சா மரத்தில் கடையப்படுவது. கும்பகோணத்துக்குப் பக்கத்து நரசிங்கம்பேட்டைக் கைவினைஞர்கள் இதற்குப் புது மரத்தை எடுப்பதில்லை. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் பல பத்தாண்டுகள் இருந்து ஈரம் வற்றிய மரத்தையே தேடுவார்கள். நாதஸ்வர வித்துவான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி நீண்ட பாரி நாயனத்தை வடிவமைத்தது அங்கேதான். குழல் நீண்டபோது உறையும் நீள வேண்டியதாயிற்று. அடியில் உள்ள அணசு என்ற விரிந்த வாய்ப்பகுதியைக் கழற்றலாம். இரண்டடிக்கும் மேல் நீண்ட உலவைத் துண்டாக்க முடியாது. அதன் தலைமாட்டில் சீவாளி என்ற நாணல் நாக்கைப் பொருத்தும் கெண்டையும், மாற்றுச் சீவாளிகளும், சீவாளியின் வாயைத் திருத்தும் ஊசியும் நூலில் கட்டித் தொங்கும். இவற்றில் மிக நொய்தானது சீவாளி. நாணலின் இரு இதழ்களில் ஒன்றில் நுனி பிளந்தாலும் அன்றைய வாசிப்புக்கு அது உதவாது. கடினமான, மூடியுள்ள டப்பா தேவைப்படுவது இந்தச் சிறு பொருளுக்கே. உலவுக்கு வேண்டியது வேறு. இரவு முழுக்க வாசித்த குழலின் உட்புறம் மூச்சின் ஈரத்தில் ஊறியிருக்கும். அதைத் துடைத்துத் துணிக்குள் இட்டால் ஈரம் மெல்ல வெளியேறும். காற்றுப் புகாத பெட்டிக்குள் அடைத்தால் உள்ளேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். பல பத்தாண்டுகள் காய்ந்த மரத்தை ஓர் இரவின் ஈரத்தோடு பூட்டி வைப்பது அந்தக் கைவினைஞர் பட்ட பாட்டையே வீணாக்குவது.

துணி உப்புநீரை உறிஞ்சாதா என்று கேட்கலாம். உறிஞ்சும், அதுமட்டுமல்ல, உப்பேறிய துணி காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொண்டு நசநசவென்று கிடக்கும். இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் துணியை நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் போடலாம், மாற்றுறை ஒன்று வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் உள்ளே ஒட்டிய பஞ்சில் உப்பு இறங்கினால் அலசவும் வழியில்லை. துணி உறையிலிட்ட நாயனம் மடியில் இருக்கும், கை அதன்மேல் இருக்கும். பெட்டியோ படகின் அடித்தட்டில், தண்ணீர் தேங்கும் இடத்தில், மற்ற மூட்டைகளோடு கிடக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து வித்துவான்கள் இலங்கைக்கு வந்த வழியோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை இரு கரையிலும் ரயில் காத்திருந்தது. கடல் பெரிது, ஆனால் தலைக்குமேல் கூரை இருந்தது. பாக்குநீரிணையைக் கடந்த நாயனத்தை விட, குறிகட்டுவானிலிருந்து திறந்த வள்ளத்தில் நயினாதீவுக்குப் போன நாயனமே அதிகம் நனைந்திருக்கும்.

தவிலுக்கு இந்த வாதம் அப்படியே பொருந்தாது. பலாக் கட்டையில் குடைந்த அதன் கூட்டை உறை காக்கும். ஆனால் கடற்காற்றில் தோல் தளர்வதை எந்த உறையும் தடுக்காது. கரையேறியபின் வார் இழுத்துச் சுருதி சேர்ப்பதுதான் வழியாக இருந்தது. வாருக்குப் பதில் இரும்பு வளையமும் திருகாணியும் வந்தபோது சுருதி சேர்ப்பது எளிதாயிற்று, கூடவே துருவும் வந்தது. தடித்த கன்வஸ் உறையும் பிறகு றெக்சின் உறையும் தவிலுக்குப் பொருத்தமானதற்கு இந்தத் துரு ஒரு முக்கிய காரணம். ஒரே மேளத்தில் அருகருகே இருக்கும் இரண்டு வாத்தியங்களுக்கு இருவேறு உறை வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வகைப் பெட்டி போதும் என்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

வலுவான மறுப்பு ஸ்கொட்லாந்திலிருந்து வருகிறது. அங்குள்ள பேக்பைப்பும் மரக் குழலும் நாணல் நாக்கும் கொண்ட காற்றுவாத்தியம்தான். ஆட்டுத்தோல் பையில் காற்றடைத்து ஆதார சுருதி பிடிக்கும் சுருதி உபாங்கத்தின் தூரத்து உறவு என்றே சொல்லலாம். அதை வாசிப்பவர்கள் கடினப் பெட்டிதான் வைத்திருக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் துணி? காரணம், பேக்பைப் பல துண்டுகளாகக் கழன்றுவிடும். அறை அறையாகப் பிரித்த பெட்டி இல்லாவிட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று இடிக்கும். ஆபிரிக்கக் கருமரத்தில் கடைந்த அந்தக் குழல்கள், குளிர்காலத்தில் சூடேற்றிய அறைகளின் வறட்சியில் வெடிக்கக்கூடியவை. எனவே அங்கே பெட்டி ஈரத்தைக் காத்து வைக்கவும் வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும் வாசித்த ஈரத்தோடு உடனே மூடிவைக்காமல் துடைத்து உலரவிடுவது அவர்களிடமும் உள்ள ஒழுங்கு. இரண்டு நாடுகளிலும் விதி ஒன்றுதான், காலநிலையும் வழியும்தான் வேறு.

1990, 1991 இல் போரால் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்து, பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிய பின், நாயனத்தின் வழியும் மாறிவிட்டது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ உள்ள கோயிலுக்கு விமானத்தில் போகும் குழல் சரக்கறையில் மற்றப் பொதிகளுக்கு அடியில் கிடக்கிறது. இறங்கும் இடத்தில் உலர்ந்த குளிர் காத்திருக்கிறது. அங்கே கடினப் பெட்டி கட்டாயம், அதில் விவாதமே இல்லை. அதே பெட்டியோடு ஒருவர் ஆனித் திருவிழாவுக்கு வந்தால், அதை யாழ்ப்பாணத்தில் தங்குமிடத்தில் விட்டுவிட்டு, சீவாளி டப்பாவையும் இரண்டு பருத்தி உறைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு குறிகட்டுவானுக்குப் போவதே நல்லது. ஒன்று போகும்போது நனையும், மற்றது திரும்பி வருவதற்கு.