குமுளி இறக்கமும் குறை எடையும்: மலைச்சாலைகளில் டைக்ஸ்ட்ரா முறை குறித்து ஒரு மறுப்பு

மின்வாகனங்களுக்குச் சிக்கனமான வழி தேடும்போது, மலைச்சாலைகளில் டைக்ஸ்ட்ரா முறை செல்லாது என்பது ஒரு சாராரின் கருத்து. இறக்கத்தில் மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்கலத்தில் சார்ஜ் ஏற்றுகிறது. அதனால் அந்தச் சாலைத் துண்டைக் குறிக்கும் விளிம்பின் எடை, அதாவது மின்செலவு, பூச்சியத்துக்குக் கீழே போகிறது. குறை எடை புகுந்தால் 1959இல் வெளியான அம்முறை பிழையான விடை தரலாம். ஆகவே மெதுவான பெல்மன்–ஃபோர்டு முறைதான் கதி என்கிறார்கள். முதல் மூன்று படிகளும் சரி. நான்காவதை ஏற்க இயலவில்லை.

குமுளி–லோயர் கேம்ப் மலைச்சாலையை எடுத்துக்கொள்வோம். உயர வேறுபாடு 400 மீட்டர், காரின் எடை 1,500 கிலோ என்று வைத்தால், ஏறும்போது சேரும் நிலையாற்றல் 1.63 யூனிட். உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் 0.5 யூனிட், மோட்டாரின் திறன் 90 விழுக்காடு, இறக்கத்தில் மீள்வது 60 விழுக்காடு எனக் கொண்டால் ஏறச் செலவு 2.37 யூனிட், இறங்கச் செலவு −0.68. இவை அளவீடுகள் அல்ல, எடுகோள்கள்.

இனி ஒவ்வொரு விளிம்பிலும் உயர மாற்றத்துக்குரிய ஆற்றலைக் கழிப்போம். ஏற்றம் 0.74 ஆகிறது, இறக்கம் 0.95 ஆகிறது. இரண்டும் மிகை எண்கள். எடுகோள்களை மாற்றினாலும் குறி மாறாது. இறங்கிய உயரம் விடுவித்த ஆற்றலைவிட அதிகமாக எந்த மோட்டாரும் மீட்டுத் தராது. புறப்படும் இடமும் சேரும் இடமும் மாறாதவரை எல்லா வழிகளிலும் கழிபடும் தொகை ஒன்றே என்பதால் வழிகளின் தரவரிசையும் குலையாது. கட்டப்பனையிலிருந்து கம்பத்துக்குக் குமுளி வழியாக வந்தாலும் கம்பம்மெட்டு வழியாக வந்தாலும் இறங்கும் நிகர உயரம் ஒன்றுதான். ஒப்பிட வேண்டியது இழப்பை மட்டுமே. 1977இல் ஜான்சன் தந்த எடைமாற்ற உத்தியே இது. அவர் முறையில் முனைகளுக்கு, அதாவது சாலைச் சந்திப்புகளுக்கு, உரிய எண்களைக் கண்டறியவே ஒருமுறை பெல்மன்–ஃபோர்டு ஓட வேண்டும். மலையில் அந்த எண்களை உயரமே தந்துவிடுகிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் மின்கலத்தின் கொள்ளளவு பற்றியது. குமுளியில் இரவு தங்கி முழுச் சார்ஜுடன் காலையில் இறங்கும் காருக்கு மீள்மின்சாரத்தை ஏற்க இடமில்லை. அதன் இறக்கச் செலவு −0.68 அன்று, 0. மின்கலத்தில் 0.3 யூனிட்டுக்கு இடமிருந்தால் −0.3. எடை இப்படி இருப்பைப் பொறுத்து மாறும்போது எடைமாற்றம் நிற்காது என்று வாசிக்கிறார்கள்.

என் வாசிப்பு வேறு. அந்த இரு நிலைகளிலும் மாற்றிய எடை முறையே 1.63, 1.33. முன்பு கண்ட 0.95ஐவிட இவை கூடுதலே. ஏற்க இடமில்லாத ஆற்றல் பிரேக்கில் வெப்பமாகப் போகிறது. அது இன்னொரு இழப்பு, அவ்வளவே. மின்கல இருப்பையும் உயரத்தின் நிலையாற்றலையும் கூட்டிய தொகை வழியில் எங்கும் கூடுவதில்லை. ஒரே முனையிலிருந்து ஒரே வழியில் செல்லும்போது கூடுதல் இருப்புடன் கிளம்பிய கார் குறைந்த இருப்புடன் சேர்வதும் இல்லை. பாதிவழியில் சார்ஜ் ஏற்றாத பயணத்தில், ஒரு முனையை ஒருமுறை முடிவுசெய்தால் திரும்பப் பார்க்க வேண்டாம் என்ற டைக்ஸ்ட்ராவின் உறுதிக்கு இவ்விரண்டும் போதும். ஐஸ்னர், ஃபுன்கே, ஸ்டோரான்ட் மூவரும் 2011லேயே கொள்ளளவு வரம்பையும் ஜான்சன் உத்தியையும் இணைத்துக் கையாண்டிருக்கிறார்கள். வரம்பு ஒரு தடை என்ற வாதம் அதற்குப் பின்னும் தொடர்வதற்குக் காரணம் எனக்குப் புலப்படவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் பலத்த காற்று பின்னிருந்து தள்ளினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். காரின் வேகத்தை மிஞ்சும் காற்றில்தான் அந்தக் கேள்வி எழும்; அந்தக் காற்றில் கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஓட்டுவோர் அரிது.

மிகை எடைகளுக்கான டைக்ஸ்ட்ராவின் வேக வரம்பை 2025இல் துவானும் உடன் ஆய்வாளர்களும் தாண்டிக் காட்டினர். நிலையான எடைகளுக்கான அத்தகைய முன்னேற்றங்களை மலைச்சாலைக் கணக்குக்கும் கொண்டுவர உயர எடைமாற்றமே முதல் படி. வழிகாட்டிச் செயலி அமைப்போர் புதிய வழிமுறை தேடுவதற்கு முன், தங்கள் சாலைத் தரவில் ஒவ்வொரு முனைக்கும் உயரத்தைச் சேர்க்கட்டும்.