ஆழ்கடலில் இடமறிதல்: தானியங்கி நீர்மூழ்கி ஊர்திகளின் வரலாறு

கடல்நீர் வானொலி அலைகளை மிகக் குறுகிய தொலைவிலேயே உறிஞ்சிவிடுவதால், நிலத்தில் வழிகாட்டும் செயற்கைக்கோள் சைகைகள் ஆழத்தை எட்டுவதில்லை. அங்கு நெடுந்தொலைவு செல்ல வல்லது நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் விரையும் ஒலியே. ஆகவே, ஆளின்றித் தாமே இயங்கும் நீர்மூழ்கி ஊர்திகளின் வழியறி முறை, ஊர்தியின் இருப்பிடத்தை ஒலியால் அறிவிப்பது எது என்ற கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது.

முதலில் அப்பொறுப்பு கப்பலிடம் இருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1957இல் உருவாக்கத் தொடங்கிய ‘ஸ்பர்வ்’ என்னும் ஊர்தியை, மேலே நின்ற கப்பல்தான் ஒலிச் சைகைகளால் பின்தொடர்ந்து ஆணையிட்டது. 1963இல் ‘திரெஷர்’ என்னும் அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலில் ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் மூழ்கியபோது, சிதைவுகளைத் தேடியவர்கள் தாம் எங்கே தேடுகிறோம் என்பதையே துல்லியமாக அறிய இயலாமல் இடர்ப்பட்டனர். அந்த அனுபவம் ஒலிவழி இடமறிதல் ஆய்வை விரைவுபடுத்தியது.

அடுத்த நிலையில், கடலடியில் நங்கூரமிடப்பட்ட மறுமொழிக் கருவிகள் அப்பொறுப்பை ஏற்றன. ஊர்தி எழுப்பும் ஒலிக்கு அவை ஒவ்வொன்றும் தனித்தனி அதிர்வெண்ணில் விடையளிக்க, ஒலி சென்று திரும்பிய நேரத்திலிருந்து தொலைவுகளும், தொலைவுகளிலிருந்து இருப்பிடமும் கணக்கிடப்பட்டன. உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் ‘ஏப்’ ஊர்தி 1990களில் இம்முறையைக் கொண்டே கடலடி எரிமலைத் தொடர்களை அளந்தது. எனினும் கருவிகளை இறக்கவும், அவற்றின் இடங்களை அளந்து குறிக்கவும், பின்னர் மீட்கவும் கப்பலின் விலைமதிப்பற்ற நேரம் செலவாயிற்று.

இச்செலவைக் குறைத்தது, கடலடியில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து ஊர்தியின் வேகத்தை அளக்கும் டாப்ளர் கருவி. திசை, வேகம், நேரம் ஆகியவற்றிலிருந்து இருப்பிடத்தைக் கணிக்கும் மாலுமிகளின் பழைய முறை இதனால் புத்துயிர் பெற்றது; ஆயினும் அதில் சிறு பிழைகள் தொலைவு கூடக் கூடக் குவிந்துகொண்டே போகும்.

அப்பிழையைத் திருத்த, ஊர்தி தன் சுற்றுப்புறத்தை வரையும் படமே கருவியாயிற்று. இடம் தெரிந்தால்தான் படம் வரையலாம், படம் இருந்தால்தான் இடம் தெரியும் என்னும் இக்கட்டுக்கு, இரண்டையும் ஒருங்கே மதிப்பிடும் ‘ஸ்லாம்’ என்னும் கணித முறை தீர்வு தந்தது. 1980களின் பிற்பகுதியில் நிலத்து ரோபோக்களுக்காக உருவான இம்முறையில், முன்பு கண்ட பாறையொன்றை ஊர்தி மீண்டும் அடையாளம் காணும்போது, இடையில் சேர்ந்த பிழை பெருமளவு பின்னோக்கித் திருத்தப்படுகிறது. 2007இல் ‘டெப்த்எக்ஸ்’ என்னும் ஊர்தி, மெக்சிகோவின் சகாத்தோன் என்னும் 300 மீட்டருக்கும் மேல் ஆழமான நீர்க்குழியில் எல்லாத் திசைகளிலும் ஒலிக்கற்றைகளை வீசி, சுவர்களின் முப்பரிமாணப் படத்தை வரைந்தபடியே தன் இடத்தையும் அறிந்தது.

ஆயினும் அடையாளம் ஏதுமற்ற சேற்றுச் சமவெளியில் படம் உதவுவதில்லை. அங்கு டாப்ளர் கணிப்பும் மறுமொழிக் கருவிகளும் இன்றும் இன்றியமையாதவை. இவ்வாறு கப்பலைச் சார்ந்திருத்தல் படிப்படியாகக் குறைந்ததேயன்றி, முந்தைய முறை எதுவும் முற்றிலும் கைவிடப்படவில்லை.