விளையாட்டுப் பெட்டியின் மேல் ஓர் எழுத்து

முத்திரையிட்ட படிக்கல் அரிசியின் எடையைப் பிழையின்றிச் சொல்லும். அந்த அரிசி நம் வீட்டுக் குழந்தைக்குச் செரிக்குமா என்று அது சொல்லாது. எந்த முத்திரையையும் பயன்படுத்துவோர், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்னும் இரண்டையும் அறிந்திருத்தல் வேண்டும். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ விளையாட்டுகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இல்லத்தில் தம்பி தங்கையருக்கு விளையாட்டைத் தேர்ந்து தரும் பொறுப்பு பல வேளைகளில் மூத்த பிள்ளைகளாகிய உங்கள் மேலேயே விழுகிறது. ஆகவே இவ்வரலாறு உங்களுக்கு வேண்டிய ஒன்று.

வீட்டில் வைத்து ஆடுதற்குரிய முதற் கருவி 1972ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் விற்பனைக்கு வந்தது. ரால்ஃப் பேயர் என்னும் பொறியாளரின் முயற்சியால் பிறந்த அதன் பெயர் ஒடிஸி. 1977இல் அட்டாரி நிறுவனத்தின் கருவி வெளிவந்தது. கருவி ஒன்று, அதில் செருகும் கார்ட்ரிட்ஜுகள் பல என்னும் முறை நாடெங்கும் பரவியது. கார்ட்ரிட்ஜ் செய்வோர் பெருகினர். ஆனால் சரக்கின் தரத்தைச் சோதிப்பார் எவரும் இலர். 1982இல் ‘ஈ.டி.’ என்னும் திரைப்படத்தைத் தழுவி ஒரு விளையாட்டை ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் செய்து முடித்துக் கடைக்கு அனுப்பினர். பெட்டியின் படத்தை நம்பி வாங்கியோர் ஏமாந்தனர். 1983இல் ஏறத்தாழ 320 கோடி டாலராக இருந்த அமெரிக்க வாணிகம், 1985இல் 10 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியது என்று கணக்கிடுவர். அட்டாரி நிறுவனம் விற்காத சரக்கை 1983இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ நகரில் குழி தோண்டிப் புதைத்தது. 2014இல் அக்குழியைத் தோண்டியபோது அவை வெளிவந்தன.

இவ்வீழ்ச்சிக்குப் பின்னரே முத்திரை தோன்றியது. ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ 1985இல் தன் கருவியை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றபோது, உரிமம் பெறாத கார்ட்ரிட்ஜ் இயங்காதபடி கருவிக்குள் ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. உரிமம் பெற்றோரும் ஆண்டுக்கு இத்தனை விளையாட்டுகளே வெளியிடலாம் என்று வரம்பு கட்டியது. பெட்டியின் மேல் தரமுத்திரை ஒன்றையும் பொறித்தது. அது சொன்னது, ‘இஃது எம் ஒப்புதல் பெற்றது, எம் கருவியில் ஒழுங்காக இயங்கும்’ என்பதே. ஆடுதற்கு இனியதா என்னும் வினாவுக்கு இதழ்கள் விடை கூற முற்பட்டன. 1986இல் ஜப்பானில் தொடங்கிய ஃபாமிட்சு இதழில், மதிப்புரையாளர் நால்வர் தலைக்குப் பத்து மதிப்பெண்ணாக நாற்பதுக்கு மதிப்பிடும் வழக்கம் நிலைபெற்றது. ஆயினும் நாற்பதுக்கு நாற்பது பெற்ற விளையாட்டும் எட்டு வயதுச் சிறுவனுக்கு ஏற்றதாய் இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. அவ்வினாவை அன்று கேட்டவர் மிகச் சிலரே.

1993ஆம் ஆண்டு அதனைக் கேட்க வைத்தது. ‘மார்ட்டல் காம்பட்’ என்னும் கொடிய சண்டை விளையாட்டு அவ்வாண்டு செப்டம்பரில் வீட்டுக் கருவிகளுக்கு வந்தது. நின்டெண்டோ தன் பதிப்பில் குருதியை நீக்கி வியர்வையாக மாற்றியது. போட்டி நிறுவனமாகிய சேகாவோ, தானே ஏற்படுத்திய குழுவின் வயதுக் குறியைப் பெட்டியில் இட்டுவிட்டு, மறைகுறிப்பு ஒன்றை அழுத்தினால் குருதி தோன்றுமாறு வைத்தது. சேகாவின் பதிப்பே மிகுதியாக விற்றது. 1993 டிசம்பரில் ஜோசப் லீபர்மன், ஹெர்ப் கோல் என்னும் செனட்டர்கள் விசாரணை நடத்தினர். அவ்வவையில் இரு நிறுவனத்தாரும் ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சாட்டினர். ‘நீங்களே ஒரு முறை வகுத்துக் கொள்ளுங்கள், இல்லையேல் அரசு வகுக்கும்’ என்பதே செனட்டர்களின் எச்சரிக்கை.

அதன் பயனாக 1994இல் ஈ.எஸ்.ஆர்.பி. என்னும் தரநிர்ணய வாரியம் பிறந்தது. எல்லோர்க்கும் உரியதாயின் ‘ஈ’, பதின்மூன்று வயதினர்க்கு மேல் ‘டி’, பதினேழுக்கு மேல் ‘எம்’ என்று பெட்டியின் முகப்பில் ஓர் எழுத்தும், வன்முறை முதலியவற்றைக் குறிக்கும் சிறு குறிப்புகளும் இன்று இடம்பெறுகின்றன. 2005இல் பத்து வயதுக்குரிய பிரிவு ஒன்றும் சேர்ந்தது. ஜப்பானில் 2002இல் செரோ என்னும் அமைப்பும், ஐரோப்பாவில் 2003இல் பெகி என்னும் முறையும் எழுந்தன. பெகி முறை 3, 7, 12, 16, 18 என்று வயதையே எண்ணால் காட்டுகிறது.

இம்முத்திரைக்கும் எல்லை உண்டு. கடைக்கு வரும் விளையாட்டுகளை அமெரிக்க வாரியத்தார் முழுவதும் ஆடிப் பார்த்து மதிப்பிடுவதில்லை. வெளியீட்டாளர் எழுதித் தரும் விவரங்களையும், கடுமையான பகுதிகளைத் தொகுத்து அனுப்பும் காட்சிப் பதிவையும் கொண்டே முடிவு செய்கின்றனர். 2005இல் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்’ என்னும் விளையாட்டின் வட்டுக்குள் ஆபாசக் காட்சி மறைந்திருந்தமை வெளிப்பட்டு, அதன் குறி பெரியவர்க்கு மட்டும் என மாற்றப்பட்டது. சட்டமும் இங்கு ஓரளவே துணை செய்யும். வன்முறை விளையாட்டுகளைச் சிறார்க்கு விற்றல் ஆகாது என்று கலிபோர்னியா மாநிலம் 2005இல் இயற்றிய சட்டத்தை, பேச்சுரிமைக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011இல் தள்ளியது. விளையாட்டுக்குள்ளேயே பணம் செலவிடச் செய்யும் வழக்கம் பெருகியதால், அதனைக் குறிக்கும் சொற்றொடரை வாரியம் 2018இல் சேர்க்க நேர்ந்தது. வணிகம் முன்னே செல்ல, முத்திரை அதன் பின்னே நடந்திருக்கிறது.

இவ்வரலாற்றில் மூன்று வினாக்கள் உள்ளன. ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்பதற்கு நிறுவன முத்திரையும் மதிப்புரையும் விடை தரும். எந்த வயதுக்குப் பொருந்தும் என்பதற்கு வயதுக்குறி விடை தரும். இந்தப் பிள்ளைக்குப் பொருந்துமா என்னும் மூன்றாவது வினாவுக்கு எந்த வாரியமும் விடை தர இயலாது. ஒரே வகுப்பில் அமர்ந்த இரு மாணவருள், தோல்வியைச் சிரித்துக்கொண்டே ஏற்பவன் ஒருவன். இரவெல்லாம் அதையே நினைந்து வருந்துபவன் மற்றொருவன். வயது ஒன்றே, மனம் வேறு. இருவருக்கும் ஒரே எழுத்து எப்படிப் போதும்?

ஆதலின் தேர்ந்தெடுக்கும்போது முதலில் வயதுக்குறியையும் அதன் அருகிலுள்ள குறிப்புகளையும் படியுங்கள். ஒன்றுக்கு இரண்டாக மதிப்புரைகளைப் பாருங்கள். பணம் கேட்கும் விளையாட்டா என்றும் அறிந்துகொள்ளுங்கள். பின்னர் முதல் நாள் தம்பியோடு, தங்கையோடு நீங்களும் அமர்ந்து ஆடுங்கள். திரையைப் பார்க்கும் நேரத்தில் பாதியை அக்குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்குச் செலவிடுங்கள். பெட்டியின் மேலுள்ள எழுத்து சொல்லாமல் விட்டதை அம்முகம் சொல்லும்.